கத்தி என் கையில்தான் இருந்தது

பெரணி இலையின் மேல் ஒரு சொட்டு இரத்தம் கிடந்தது. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். குனிந்து முகர்ந்து பார்த்தேன். இரத்தத்தோடு பச்சையாக ஏதோ கலந்திருந்தது. மாட்டுக் கொட்டிலின் வாடை அடித்தது.

குண்டு நெஞ்சில் பட்டிருந்தால் இரத்தம் நுரைத்துக் கிடக்கும். மரைமான் கொஞ்ச தூரம் ஓடி விழுந்துவிடும். இந்தப் பச்சை, குண்டு வயிற்றில் பாய்ந்ததற்கு அடையாளம். வயிற்றில் அடிபட்ட மரை லேசில் சாகாது. ஓடும், படுக்கும், எழுந்து மறுபடி ஓடும். யாராவது பின்னாலேயே போய் முடித்து வைக்க வேண்டும். அந்த யாராவது, எங்கள் தோட்டத்தில், நான்தான்.

"ராமையா, எங்கே பட்டது?" என்று பின்னால் நின்ற தோட்டத்துத் துரை கேட்டார்.

"வயித்துலங்க தொரை."

சுட்டவர் துரையின் விருந்தாளி. அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என் முகம் புரிந்திருக்கும். ஒரு பாறைமேல் உட்கார்ந்து காலுறைக்குள் புகுந்த அட்டையைப் பிடுங்க ஆரம்பித்தார்.

அன்றைக்கு என் மனைவி அங்கம்மாவுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அதற்கும் மரைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளில், யாரும் கேட்கமாட்டார்கள்.

ஒரு வாசகர் கேட்டது

போன வாரம் இந்தப் பத்திரிகையில் துரையின் வேட்டை நாய்களைப் பற்றி எழுதியிருந்தேன். அட்டனிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். "நாய்க்குக் காய்ச்சல் வந்ததற்கு இரண்டு பத்தி அழுதிருக்கிறீர்கள். நீங்கள் கொன்ற மரைகளுக்கு ஒரு வரி இல்லையே" என்று கேட்கிறார்.

வாசித்ததும் கோபம் வந்தது. ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் அடங்கிவிட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், கொன்ற மரைகளைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை. சீக்கிரமாகக் கொன்றேன், சுத்தமாகக் கொன்றேன். கொல்லாமல் விட்ட ஒரு மரைதான் இத்தனை வருடமாக என்னைப் போட்டு வாட்டுகிறது.

இதுவரை அதை எழுதாததற்குக் காரணம் அங்கம்மா. அவள் எழுத்துக் கூட்டி வாசிப்பாள்; இந்தப் பத்திரிகை வந்தால் முதலில் அவள் கைக்குத்தான் போகும். அந்த மரை விஷயத்தில் அவள் ஒரு பொய்யைக் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தாள். நம்பவைத்தவன் நான். பின்னால் பிறந்து வளர்ந்த என் இரண்டு பிள்ளைகளுக்கும் தெரியாது. போன ஐப்பசியில் அங்கம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி எழுதலாம்.

காக்கிக் கோட்டும் தண்ணீர்க் குழாயும்

எங்கள் தோட்டம் லிந்துலைக்கு மேலே இருந்தது. தேயிலை முடிகிற இடத்தில் காடு, காடு முடிகிற இடத்தில் புல்வெளி. அந்தப் புல்வெளியைப் பத்தனை என்போம். மரை என்றால் பெரிய சாதி மான். ஆண் மரை ஒரு மட்டக் குதிரை உயரம் நிற்கும். விடியும்வரை பத்தனையில் மேய்ந்துவிட்டு, வெயில் ஏறுமுன் காட்டுக்குள் இறங்கும். அந்த நேரம் பார்த்துக் காட்டோரம் காத்திருந்து சுடுவதுதான் துரைமார் வேட்டை. நாடு சுதந்திரம் அடைந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். அந்தச் செய்தி எங்கள் துரையின் காதுக்கு இன்னும் எட்டாத மாதிரிதான் அவர் நடந்துகொண்டார்.

நான் முதலில் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடியின் தலையைக் கத்தியால் சீவுகிற வேலை அது. காணாமல்போன பங்களாப் பால்மாட்டை இரண்டு நாள் தடம் பிடித்துத் தேடிக் கொண்டுவந்ததில் துரையின் கண்ணில் பட்டேன். அதோடு காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்கப் போய்க் குளிரில் நிற்கிற பிழைப்பு ஒழிந்தது. முழங்கால்வரை தொங்கும் பழைய காக்கிக் கோட்டு ஒன்று கிடைத்தது. அதைவிடப் பெரிய சங்கதி, நாய்க்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு தனி வீடு. ஓர் அறைதான். ஆனால் கூரை ஒழுகாது, வாசலிலேயே தண்ணீர்க் குழாய் இருந்தது. லயத்தில் இருபது குடும்பமும் தண்ணீர் பிடிக்க ஒரே பீலி. குடிவந்த முதல் நாள் அங்கம்மா அந்தக் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

என் வேலை இரண்டு. மரை எந்தச் சேற்றில் புரள்கிறது, எந்த மரத்தில் கொம்பைத் தேய்க்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, விருந்தாளியைச் சத்தமில்லாமல் அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். குண்டு பட்டும் சாகாத மரையைக் கத்தியால் முடிக்க வேண்டும். இரண்டாவது குண்டு போடத் துரை விடமாட்டார். தலையையும் கழுத்துத் தோலையும் பாடம் பண்ணிச் சுவரில் மாட்டுவார்கள், அதில் ஓட்டை விழக் கூடாது. கழுத்தை அறுக்கவும் கூடாது. முன்னங்காலுக்குப் பின்னால், தோளோரமாக, ஒரே குத்து. அதில் எனக்குக் கை தேர்ந்திருந்தது.

பங்களாக் கூடத்தில் பதினொரு தலைகள் மாட்டியிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் பித்தளைத் தகட்டில் ஒரு துரையின் பெயர். என் பெயர் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் போகும்போதெல்லாம் ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

அணைத்த கற்பூரம்

எங்கள் முதல் பிள்ளை பிறக்கும்போதே மூச்சில்லை. இரண்டாவது ஒன்பது நாள் இருந்தது. கொழுந்து எடுக்கிற பெண்கள் அங்கம்மாவின் வயிற்றைக் குறை சொல்லி, அவள் காதில் விழும்படியே பேசினார்கள்.

எங்கள் சனத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் உயிரெடுக்கக் கூடாது. கோழி அறுக்கக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது, ஒரு தேங்காய்கூட உடைக்கக் கூடாது. லயத்து அறையைக் காம்பரா என்போம்; பக்கத்துக் காம்பராக்காரனைக் கூப்பிட்டுத்தான் உடைக்கச் சொல்வார்கள். முதல் இரண்டு பிள்ளைகளும் வயிற்றில் இருந்தபோது நான் மரைகளைக் குத்திக்கொண்டுதான் இருந்தேன். வேலைதானே, இதில் என்ன என்று இருந்துவிட்டேன்.

மூன்றாவதாக நாள் தள்ளிப்போனது தெரிந்த அன்றே அங்கம்மா என்னை முனியாண்டி கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கோயில் என்றால் ஒரு மரம், ஒரு கல், ஒரு சூலம். கற்பூரத்தை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இந்தப் புள்ள பொறந்து என் கையில வர்ற வரைக்கும் ஒரு உசிரக்கூட எடுக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

"வேலை போயிரும் புள்ள."

"போனா கவ்வாத்து இருக்கு. இந்தப் புள்ளயும் போச்சுன்னா எனக்கு என்னங்க இருக்கு?"

உள்ளங்கையால் அடித்துக் கற்பூரத்தை அணைத்தேன். எனக்குச் சாமி பக்தி எப்போதும் கொஞ்சம் குறைச்சல்தான். ஆனால் அன்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாராலும் பொய்ச் சத்தியம் பண்ணியிருக்க முடியாது.

கத்தி கைமாறியது

துரையிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார், சிரித்துவிட்டு வேறு ஆளைப் பார்ப்பார். குழாய் வீடு போய்விடும். அதனால் நானாக ஒரு வழி செய்தேன். எங்களோடு சாமான் சுமக்கக் கீழே சிங்களக் கிராமத்திலிருந்து புஞ்சிரால என்பவர் வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கென்ன மல்லி," என்றார். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. "தடம் நீ பாரு. கத்தி நான் எடுக்கிறேன். எனக்கு நாலு பிள்ளை இருக்குதானே. இனி வேணாம்."

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். காட்டுக்குள் கால் வைக்குமுன் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு கொப்பை ஒடித்து ஒரு மரத்தின் கவட்டில் செருகுவோம். காட்டுச் சாமிக்கு அது. சாமியின் பெயரை அவர் ஒரு மாதிரி சொல்வார், நான் ஒரு மாதிரி சொல்வேன். துரை முதலில் எங்களை முறைத்தார். ஒருமுறை வழுக்கி விழுந்து முன்பல் உடைந்த பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அவரும் ஒரு கொப்பை ஒடித்து வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் மரத்தைப் பார்ப்பதுபோல் நின்றோம்.

நாலைந்து மாதம் இப்படி ஓடிற்று. மூன்று மரைகள் விழுந்தன. துரை பின்னால் வந்து சேருமுன் மூன்றையும் புஞ்சிராலதான் முடித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பேன். முனியாண்டியை ஏமாற்றுகிறோமோ என்று ஒரு குறுகுறுப்பு இருக்கத்தான் செய்தது.

மூச்சு வாங்கிய விருந்தாளி

அந்த விருந்தாளி கொழும்பில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். சீமைக்கு ஒரேயடியாகத் திரும்பப் போகிறார். போகுமுன் சுவரில் மாட்ட ஒரு தலை வேண்டுமாம். நானுஓயாவில் ரயிலைவிட்டு இறங்கும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது. தடித்த உடம்பு, நல்ல குணம். எனக்கு ஒரு சிகரெட் கொடுத்து அதைப் பற்றவைக்கவும் செய்தார். எந்தத் துரையும் எனக்கு அப்படிச் செய்ததில்லை.

பத்தனை விளிம்பில் நான் இரண்டு மாதமாகப் பார்த்து வைத்திருந்த ஆண் மரை சொன்ன நேரத்துக்கு வந்தது. விருந்தாளியின் நெஞ்சு அப்போதும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் பொறுங்கள் என்று நான் கையைக் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. துப்பாக்கி ஆடியதைக் கண்ணால் பார்த்தேன். பிறகுதான் அந்தப் பெரணி இலையும் பச்சை கலந்த இரத்தமும்.

தடத்தில் கொஞ்ச தூரம் இறங்குவதற்குள் விருந்தாளியின் உதடு நீலம் பாரித்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். துரை பயந்துபோனார்.

"புஞ்சிரால, நீ இங்கே நில்லு. ஐயாவைக் கீழே கொண்டு போகணும். ராமையா, நீ போ. முடிச்சிட்டு விசில் அடி."

புஞ்சிரால என்னைப் பார்த்தார். "மல்லி…" என்று ஆரம்பித்தார். துரை பார்த்துக்கொண்டிருந்தார். புஞ்சிரால வாயை மூடிக்கொண்டு, கத்தியை உறையோடு கழற்றி, பிடி என் பக்கம் இருக்கும்படி நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

நெலுப் புதர் மண்டிய காட்டுக்குள் தடம் நேராக ஓடைக்குப் போயிற்று. ஒரு குழந்தைகூடப் பின்தொடர்ந்திருக்கும். மரை ஓடைக் குட்டையில், பாறைக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் அதன் வயிற்றைத் தொட்டுக்கொண்டு ஓடியது. கீழ்ப்பக்கம் கலங்கிச் சிவந்து, சற்றுத் தள்ளித் தெளிந்து போனது. என்னைப் பார்த்தது. ஓட முயலவில்லை, கொம்பைத் தாழ்த்தவும் இல்லை.

நாலு எட்டு வைத்தால் போதும். தோளோரம் ஒரே குத்து. கத்தியை உருவினேன். தண்ணீரில் ஒரு காலை வைத்தேன். அந்தக் குளிர் முழங்காலுக்கு ஏறியபோது அங்கம்மாவின் வயிறுதான் கண்ணுக்குள் நின்றது. ஏழு மாதம். இன்னும் இரண்டு மாதம்தான்.

கால் பின்னால் வந்துவிட்டது. அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. விசில் அடித்தால் துரை வருவார், ஏன் முடிக்கவில்லை என்று கேட்பார். அதனால் வந்த வழியில் இரத்தம் பட்ட இலைகளைக் கிள்ளி எறிந்துகொண்டே திரும்பினேன். தடம் பிடித்துப் பேர் வாங்கியவன் தடத்தை அழித்தேன்.

"ஓடையில எறங்கிருச்சுங்க தொரை. தடம் கெடைக்கல."

"உனக்கா?" என்று மட்டும் துரை கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அங்கம்மாவிடம் ஒன்று மட்டும் சொன்னேன். "இன்னைக்குக் கத்தி என் கையில வந்திருச்சு."

"குத்தினீங்களா?"

"இல்ல."

என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். பிள்ளை உதைத்தது. அன்று ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் அரைத்து, எனக்கும் போட்டுத் தானும் வயிறாரச் சாப்பிட்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து நெடுநாள் ஆகியிருந்தது. குட்டையில் நின்ற மரையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று நாள்

மறுநாள் துரை எங்கள் இருவரையும் தேடச் சொல்லி அனுப்பினார். ஓடைப் பக்கத்தை நான் பார்க்கிறேன் என்று நானே சொல்லி வாங்கிக்கொண்டேன், வேறு யாரும் அங்கே போகாமல் இருக்க. மேட்டில் நின்றபோதே கேட்டது. தொண்டை கட்டிய ஆள் முனகுகிற சத்தம். நான் இறங்கிப் போகவில்லை. இரண்டு காதையும் கம்பளியால் மூடிக்கொண்டு மத்தியானம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் நாள் செத்திருக்கும் என்று நினைத்து இறங்கிப் பார்த்தேன். கரையோரமாகப் படுத்திருந்தது. ஈ மொய்த்தது. காது அசைந்தது.

மூன்றாம் நாள் காக்கைகள் சுற்ற ஆரம்பித்தன. அதைப் பார்த்துவிட்டுப் புஞ்சிரால குறுக்கே இறங்கிவிட்டார். பிறகு திரும்பி என்னிடம் வந்தார்.

"இன்னும் உடம்பு சூடா இருக்கு மல்லி. இப்பதான் செத்திருக்கு. உன் கால் தடம் அங்க இருக்கு."

நான் என் காலைப் பார்த்துக்கொண்டேன்.

"என்னைக் கூப்பிட்டிருக்கலாம்தானே. நான் வந்து முடிச்சிருப்பேன்தானே. ஒரு நிமிஷ வேலை."

அவ்வளவு சுலபமான காரியம். முதல் நாள் சாயங்காலமே அவர் காதில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். போட்டால் நான் மரையைப் பார்த்தது துரைக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் மூன்று நாள் அதை உயிரோடு அழுகவிட்டேன். இந்தப் பாவத்தைச் சத்தியத்தின் தலையில் கட்ட முடியாது. கொல்லாதே என்றுதான் அங்கம்மா கேட்டாள். வதைக்கச் சொல்லவில்லை.

துரை வந்து பார்த்தார். ஈரத்தில் ஊறிக் கிடந்த கழுத்து மயிரைப் பிடித்து இழுத்தார். கொத்தாகக் கையோடு வந்தது. பாடம் பண்ண முடியாது. கொம்பைமட்டும் நாடாவால் அளந்தார். கூடத்தில் இருந்த பதினொன்றையும்விட அது பெரியது. கையைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"வீட்டைக் காலி பண்ணு. நாளைக்குப் பெரட்டுக்கு வா."

மேல் லயம்

மேல் லயத்தில் ஒரு காம்பரா கொடுத்தார்கள். கூரைத் தகரத்தில் எத்தனை ஓட்டை என்று எண்ண முடியாது. பீலி நாற்பது படி கீழே. மழை விடாமல் பெய்தது. தடத்தைத் தவறவிட்டதில் துரைக்குக் கோபம் என்று அங்கம்மாவிடம் சொல்லி வைத்தேன். குழாய் போனதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. "புள்ள வந்துட்டாப் போதும்" என்றாள். தண்ணீர் தூக்காதே என்று சொல்லிவிட்டுத்தான் நான் கவ்வாத்துக்குப் போவேன். திரும்பி வந்தால் குடம் நிறைந்திருக்கும்.

அந்தப் படிகளில்தான் ஏதாவது ஆயிற்றா, எப்படியும் ஆகியிருக்குமா, எனக்குத் தெரியாது. தோட்டத்து மருத்துவச்சியிடம் கேட்டேன், அவளும் தெரியாது என்றாள். ஒரு மத்தியானம், குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்னால், பெண் பிள்ளை பிறந்தது. நிறைந்த தலைமுடி. மூச்சில்லை. என் காக்கிக் கோட்டில் சுற்றித் தேயிலைக்கு ஓரமாக நானே புதைத்தேன்.

அங்கம்மா நாலு நாள் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அழவில்லை. சோறு கஞ்சி எதையும் தொடவில்லை. கொழுந்துக்குப் போகிற பெண்கள் வாசலைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. மூணு பிள்ளையைத் தின்ன வயிறு என்றார்கள். ஐந்தாம் நாள் காலை சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"நீங்க சத்தியத்தக் காப்பாத்திட்டீங்க. கத்தி கையில வந்தும் குத்தல. முனியாண்டிக்கு ஒங்க மேல குத்தம் இல்ல."

"அதுக்கு இப்ப என்ன?"

"அப்ப என் வயிறுதாங்க. அவளுக சொல்றது சரிதான். நாந்தான் மூணையும் தின்னுட்டேன்."

குரலில் அழுகை இல்லை. கணக்குப் போட்டு விடை கண்டவள்போலச் சொன்னாள். அப்படியே விட்டால் அவள் எழுந்திருக்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யோசித்துச் சொன்னேன் என்று சொல்லமாட்டேன். வாயில் வந்தது.

"நான் குத்தினேன் அங்கம்மா."

திரும்பினாள்.

"ஒங்கிட்டப் பொய் சொன்னேன். அன்னைக்கே குத்திட்டேன். குத்து தவறிக் கழுத்துத் தோல் கிழிஞ்சிருச்சு. தலை வீணாப் போச்சு. அதுக்குத்தான் தொரை வீட்டப் புடுங்கினாரு."

எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் என் நெஞ்சில் அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள். மூன்று பிள்ளைக்கும் சேர்த்து அழுததைப் போல இருந்தது. நான் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை ஓய்ந்த பிறகு, அடுப்பைப் பார்த்து, கஞ்சி இருக்கிறதா என்று கேட்டாள்.

ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு, கோப்பையைப் பிடித்தபடி கேட்டாள்.

"அது ரொம்ப நேரம் துடிச்சுச்சா?"

"இல்ல. ஒடனே போயிருச்சு."

"அந்த மட்டுக்கும் நல்லது" என்று சொல்லிவிட்டு மிச்சக் கஞ்சியையும் குடித்தாள்.